டிஜிட்டல் லாஜிக் டிசைன்: தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில், டிப்ளமோவும் பொறியியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, திருவொற்றியூர் என்று பல இடங்களிலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. வகுப்புக்கு வர முடியாதவர்களுக்கும் பயன்படட்டும் என்று அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிஜிட்டல் லாஜிக் டிசைன் என்றால் என்ன? இது கணிதமா, எலக்ட்ரானிக்ஸா?

'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே விடைகள் உள்ள கேள்விகளை மின்சாரத்தால் கேட்டு, மின்சாரத்தாலேயே விடை பெறும் சுற்றுகளை வடிவமைப்பதுதான் இந்தத் துறை. இதில் கணிதம் முதலில் வந்தது. மின்சாரம் வெகு காலம் கழித்தே வந்து சேர்ந்தது. தருக்கத்தையும் இயற்கணிதம் போலக் கையாளலாம் என்பதை ஜார்ஜ் பூல் 1847லும் 1854லும் வெளியிட்ட நூல்களில் காட்டினார். அதன் பிறகு 80 ஆண்டுகளுக்கும் மேலாக அது தத்துவம் படிப்பவர்களிடமும் கணிதம் படிப்பவர்களிடமுமே தங்கியிருந்தது. 1937ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முதுகலை ஆய்வேடு எழுதிய கிளாட் ஷானன், ரிலேக்களும் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள்) சாதாரண ஸ்விட்சுகளும் பூலின் இயற்கணிதத்துக்கு அப்படியே கட்டுப்படுகின்றன என்று நிறுவினார். அப்போது அவருக்கு வயது 21. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்த இரண்டு ஸ்விட்சுகள் 'இதுவும் அதுவும்' என்று சொல்கின்றன. பக்க இணைப்பில் வைத்தவை 'இதுவோ அதுவோ' என்று சொல்கின்றன. இன்று ரிலேயின் இடத்தில் டிரான்சிஸ்டர் இருக்கிறது, கணக்கு அதேதான்.

இப்படி உள்ளீடுகளைப் பார்த்து 0 அல்லது 1 என்று விடை தரும் சிறு சுற்றுக்கு 'கேட்' என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ரயில்வே கேட்தான் முதலில் நினைவுக்கு வரும். அது தவறான நினைவும் அல்ல. எந்த நிபந்தனையில் திறக்க வேண்டும், எந்த நிபந்தனையில் மூட வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

எனக்குக் கணக்கு சுமாராகத்தான் வரும். இதைக் கற்க முடியுமா?

முடியும். பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். 0, 1 மட்டும் கொண்டு எழுதும் இரும எண்களை ஒரு வாரம் எழுதிப் பழகினால் கைக்கு வந்துவிடும்; 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகத் தெரிந்தால் அதில் வேறு கடினம் இல்லை. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் பூலியன் இயற்கணிதமும், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் லாஜிக் கேட்களும் தமிழிலேயே இருக்கின்றன. ஆங்கிலவழிக் கல்லூரியில் சேர்ந்து தடுமாறுபவர்கள் அந்த இரண்டு பாடங்களையும் ஒருமுறை பொறுமையாகப் படித்துவிட்டு வந்தால், கல்லூரிப் புத்தகம் பாதி பழகியதாகத் தெரியும்.

கணக்கைவிட வாக்கியமே இங்கே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு சுற்று என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் பிசகில்லாமல் எழுதத் தெரிந்தவர், சுற்றையும் பிசகில்லாமல் வரைந்துவிடுகிறார். நம் மொழியில் இதற்கு வேண்டிய உருபுகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. 'அப்பாவும் அம்மாவும் கையெழுத்திட வேண்டும்' என்றால் அது ஆண்ட் கேட். 'அப்பாவோ அம்மாவோ கையெழுத்திட்டால் போதும்' என்றால் ஆர் கேட். இருவரும் இட்டாலும் யாரும் மறுக்கப்போவதில்லை. 'டீயா, காபியா?' என்று கேட்டால் இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். அது எக்ஸ்-ஆர் கேட். அன்றாடம் பிழையில்லாமல் பேசும் இந்த வேறுபாடுகளைக் குறியீடாக எழுதும்போதுதான் பலர் பயந்துவிடுகிறார்கள்.

உண்மை அட்டவணையை எழுதாமலேயே விடை வந்துவிடுகிறது. அதை எதற்காக எழுத வேண்டும்?

உள்ளீடுகளின் எல்லாச் சேர்க்கைகளையும், ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய விடையையும் வரி வரியாக எழுதுவதே உண்மை அட்டவணை. இரண்டு உள்ளீடு இருக்கும்போது எழுதாமலும் விடை வரும். நான்கு உள்ளீடு வந்தால் 16 வரிகள். அதில் நீங்கள் நினைத்தே பார்க்காத வரி ஒன்றாவது இருக்கும். அந்த வரியை உங்கள் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அட்டவணையின் வேலை.

வாரியக் குடியிருப்பின் மாடிப்படி விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச். எதைத் தட்டினாலும் விளக்கு தன் நிலையை மாற்ற வேண்டும். இரண்டும் 0 என்றால் விளக்கு அணைந்திருக்கட்டும். கீழே மட்டும் தட்டினால் எரியும். மேலே மட்டும் தட்டினாலும் எரியும். இரண்டும் 1 என்றால் அணையும். நான்கு வரிகளை எழுதி முடித்ததும் அது எக்ஸ்-ஆர் கேட்டின் அட்டவணை என்பது தெரிந்துவிடும். பிறகு இரண்டு இரும இலக்கங்களைக் கூட்டும் அட்டவணையை எழுதிப் பாருங்கள்: 0ம் 0ம் 0, 0ம் 1ம் 1, 1ம் 0ம் 1, 1ம் 1ம் சேர்ந்தால் இலக்கம் 0, மிச்சம் (அடுத்த இலக்கத்துக்குப் போவது) 1. இலக்கத்துக்கான நிரல் (மேலிருந்து கீழான வரிசை) மாடிப்படி விளக்கேதான். மிச்சத்துக்கான நிரல் ஆண்ட் கேட். இப்படித்தான் அரைக்கூட்டி கிடைக்கிறது. கணினி கூட்டுவது எப்படி என்ற கேள்விக்கு விடை நம் வீட்டுப் படிக்கட்டிலேயே இருந்திருக்கிறது என்று ஒரு பிள்ளை உணரும் தருணத்தைப் பார்ப்பதற்காகவே நான் இந்தப் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் இங்கிருந்து தொடங்குகிறேன்.

டி மார்கன் விதி மனப்பாடமாக இருக்கிறது. ஆனால் பயன்படுத்தும்போது தவறு வருகிறது.

'கோட்டை உடை, குறியை மாற்று' என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். கோடு என்பது 'இல்லை' என்று காட்ட மேலே போடுவது, குறி என்பது ஆண்ட், ஆர் குறி. அதை வாக்கியமாக்கிப் பாருங்கள். 'ராணியும் மேரியும் வரவில்லை' என்று சொன்னால் தமிழில் இருவருமே வரவில்லை என்று பொருள். அதாவது, இருவரில் ஒருவராவது வந்தார் என்பது பொய். ஆனால் 'ராணியும் மேரியும் வந்தார்கள் என்பது பொய்' என்று சொன்னால், ஒருவர் வந்திருக்கலாம், குறைந்தது ஒருவராவது வரவில்லை என்பதுதான் பொருள். முதல் வாக்கியம் நார் கேட் (ஆர் கேட்டின் விடையைத் திருப்பியது), இரண்டாவது நாண்ட் கேட் (ஆண்ட் கேட்டின் விடையைத் திருப்பியது). 'உம்' முன்பே சேர்ந்துவிட்டதா, 'இல்லை' முன்பே சேர்ந்துவிட்டதா என்ற ஒரே கேள்வியில் விதி முழுவதும் அடங்கிவிடுகிறது. குறியீட்டில் ஐயம் வரும்போதெல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

நாண்ட் கேட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

அதை மட்டுமே வைத்து மற்ற எல்லாவற்றையும் கட்டிவிடலாம் என்பதால். நாட் (0வை 1 ஆகவும் 1ஐ 0 ஆகவும் திருப்புவது) செய்ய ஒரு நாண்ட், ஆண்ட் செய்ய இரண்டு, ஆர் செய்ய மூன்று, எக்ஸ்-ஆர் செய்ய நான்கு தேவை. 7400 என்ற 14 கால் ஐசிக்குள், அதாவது கேட்களை அடக்கிய சில்லுக்குள், இருப்பதும் சரியாக நான்கு நாண்ட் கேட்கள்தான். ஆகவே ஒரே ஒரு 7400ஐ வைத்து மேலே சொன்ன மாடிப்படி விளக்கைச் செய்து முடிக்கலாம். ஒரு கேட் கூட மீதமாகாது.

கே-மேப்பில் எனக்கு மட்டும் விடை மாறி வருவது ஏன்?

கே-மேப் என்பது உண்மை அட்டவணையைக் கட்டங்களாக வரைந்து சுற்றைச் சுருக்கும் முறை. அதில் பெரும்பாலும் நிரல்களை 00, 01, 10, 11 என்று எண் வரிசையில் எழுதியிருப்பீர்கள். 00, 01, 11, 10 என்பதே சரி. மாரிஸ் கார்னா 1953ல் இந்த முறையை வெளியிட்டபோது, அடுத்தடுத்த கட்டங்களுக்கு இடையில் ஒரே ஒரு மாறிதான் மாற வேண்டும் என்பதையே அடிப்படையாக வைத்தார். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைச் சேர்த்து ஒரு மாறியை நீக்க முடிவது அதனால்தான். இடது ஓரமும் வலது ஓரமும் அண்டை, மேல் வரியும் கீழ் வரியும் அண்டை, நான்கு மூலைகளும் சேர்ந்து ஒரு குழு என்பதையும் மறக்கக் கூடாது. நான்கு மாறிகளுக்கு மேல் போனால் கையால் செய்வதில் பயன் இல்லை. அந்த வேலையை மென்பொருள் செய்துவிடும்.

0 என்றால் 0 வோல்ட், 1 என்றால் 5 வோல்ட் என்று எழுதினால் ஆசிரியர் தவறு என்கிறார். ஏன்?

ஏனென்றால் 0வும் 1ம் எல்லைகளுக்கு நாம் வைத்த பெயர்கள். டிடிஎல் (டிரான்சிஸ்டர்-டிரான்சிஸ்டர் லாஜிக்) வகையின் 74 வரிசை ஐசிக்கு 5 வோல்ட் கொடுக்கிறோம். அதன் உள்ளீட்டில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் 0, 2 வோல்ட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் 1. வெளியீட்டில் அது தருவதாக உறுதி சொல்வது, 0 என்றால் 0.4 வோல்ட்டுக்கு மேல் போகாது, 1 என்றால் 2.4 வோல்ட்டுக்குக் கீழ் இறங்காது என்பதே. இந்த இரண்டுக்கும் நடுவே இரு பக்கமும் 0.4 வோல்ட் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. பக்கத்தில் ஓடும் மோட்டாரோ மிக்ஸியோ கிளப்பும் இரைச்சல் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிட்டால் சுற்று தவறு செய்யாது.

இதைத் தெரிந்துகொள்ளாததால் கைச்செலவும் வருகிறது. கடையில் கிடைத்ததை வாங்கி 74எல்எஸ் (டிடிஎல் வகை) ஐசியின் வெளியீட்டை 74எச்சி (சிமாஸ் வகை) ஐசிக்குள் நேரே கொடுப்பவர்கள் உண்டு. எல்எஸ் உறுதி சொல்வது 2.7 வோல்ட், 4.5 வோல்ட்டில் இயங்கும் எச்சி எதிர்பார்ப்பதோ 3.15 வோல்ட். பல நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. அப்படிக் கலக்க வேண்டியிருந்தால் 74எச்சிடி என்று கேட்டு வாங்குங்கள்.

கேட்கள் வரை புரிந்தது. பிளிப்-பிளாப் வந்ததும் எல்லாம் குழம்பிவிட்டது.

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே மேலே உள்ளவற்றை எழுதினேன். இதுவரை பார்த்த சுற்றுகள் இந்த நொடியின் உள்ளீட்டை மட்டும் பார்த்து விடை சொல்பவை. பிளிப்-பிளாப்புக்கு இதற்கு முன்னால் நடந்தது நினைவில் இருக்கிறது. அந்த நினைவு எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை நம் வீட்டுத் தண்ணீர் மோட்டாரே சொல்லிவிடும்.

கீழே சம்ப், மேலே தொட்டி. மேல்தொட்டியில் ஒரே ஒரு மிதவை ஸ்விட்ச் வைத்து, 'தண்ணீர் அதற்குக் கீழே போனால் மோட்டார் ஓட வேண்டும்' என்று எழுதினால் என்ன ஆகும்? ஒரு குவளை தண்ணீர் எடுத்ததும் மோட்டார் ஓடும், அந்தக் குவளை நிரம்பியதும் நிற்கும், மறுபடி ஓடும். மோட்டார் ஒரு மாதத்தில் போய்விடும். ஆகவே இரண்டு உணரிகள் வைக்கிறோம்: கீழ்க்கோட்டில் ஒன்று, மேல்கோட்டில் ஒன்று. நனைந்தால் 1, காய்ந்தால் 0. இப்போது அட்டவணையை எழுதுங்கள். இரண்டும் 0 என்றால் தொட்டி காலி, மோட்டார் ஓட வேண்டும். இரண்டும் 1 என்றால் நிரம்பிவிட்டது, நிற்க வேண்டும். கீழ் 0, மேல் 1 என்பது நடக்கவே முடியாதது; நடந்தால் உணரி பழுது, நிறுத்திவிடுவதே பாதுகாப்பு. மிஞ்சியிருப்பது கீழ் 1, மேல் 0 என்ற வரி.

தொட்டி பாதி நிறைந்திருக்கிறது. மோட்டார் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா? நிரம்பிக்கொண்டு வரும் வழியில் பாதி என்றால் ஓட வேண்டும். செலவாகி இறங்கும் வழியில் பாதி என்றால் நின்றபடியே இருக்க வேண்டும். உள்ளீடு ஒன்றுதான், விடை இரண்டு. அட்டவணையின் இந்த வரியில் 0 என்றும் எழுத முடியாது, 1 என்றும் எழுத முடியாது. 'முன்பு இருந்தபடியே' என்றுதான் எழுத முடியும். அந்த இரண்டு சொற்களை ஒரு சுற்றாக்கியதுதான் லாட்ச். வெளியீட்டைத் திருப்பி உள்ளீட்டுக்குக் கொண்டுவருகிறோம்: 'மேல்கோடு நனையவில்லை, மேலும், கீழ்க்கோடு காய்ந்திருக்கிறது அல்லது மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்றால் மோட்டார் ஓடும். 1918ல் எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இருவர் வெற்றிடக் குழாய்களை வைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்த சுற்றின் உயிர்நாடியும் இந்தப் பின்னூட்டம்தான்.

இதில் சம்ப்பையும் சேர்த்தால் பாடம் இன்னும் ஆழமாகிறது. சம்ப் காலியானால் மோட்டார் நிற்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த நிபந்தனையை லாட்ச்சுக்கு உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா? உள்ளே வைத்தால், நடுவில் சம்ப் காலியாகி மோட்டார் நின்றபின் லாரித் தண்ணீர் வந்து சம்ப் நிறைந்தாலும், மேல்தொட்டி அடிமட்டத்துக்குப் போகும்வரை மோட்டார் மறுபடி ஓடாது. வெளியே வைத்தால் தண்ணீர் வந்ததும் தானே ஓடும். ஆனால் சம்ப்பில் தண்ணீர் விளிம்பில் நிற்கும்போது மோட்டார் பழையபடி ஓடி நின்று ஓடத் தொடங்கிவிடும், அங்கேயும் இரண்டு உணரிகள் தேவைப்படும். எது சரி என்பதை எந்த இயற்கணிதமும் சொல்லாது. அந்த வீட்டில் தண்ணீர் எப்போது வரும், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் சொல்லும். வாக்கியத்தை முதலில் எழுதுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதற்காகவே.

ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்து மணலியில் வேலை பார்க்கிறேன். எனக்கு இது எட்டுமா?

உங்களுக்கு லாட்ச் ஏற்கெனவே தெரியும். மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்தபின்னும் மோட்டார் ஓடுவது, கான்டாக்டரின் ஹோல்டிங் கான்டாக்ட் அந்தப் பொத்தானுக்குப் பக்க இணைப்பில் இருப்பதால்தானே? சிவப்புப் பொத்தான் தொடரில் இருப்பதால் அதை அழுத்தினால் நிற்கிறது. 'சிவப்பு அழுத்தப்படவில்லை, மேலும், பச்சை அழுத்தப்பட்டது அல்லது ஏற்கெனவே ஓடுகிறது' என்று எழுதிப் பார்த்தால், மேலே உள்ள தொட்டி வாக்கியமும் இதுவும் ஒரே வார்ப்பு என்பது தெரியும். பிஎல்சி (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) பயன்படுத்தும் லேடர் படமும் இதே மொழியில்தான் எழுதப்படுகிறது. கல்லூரிப் பிள்ளைகளைவிட நீங்கள் இந்த இடத்தை வேகமாகக் கடப்பீர்கள். இரும எண்களுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

கிளாக் எதற்கு? கேட் உடனே விடை தந்துவிடுகிறதே.

உடனே தருவதில்லை. எல்எஸ் வகை கேட் ஒன்றுக்குச் சுமார் 10 நானோவினாடி ஆகிறது. அதற்குள் ஒளி 3 மீட்டர் போய்விடும். விடை ஒரு வழியில் இரண்டு கேட்டையும் மறுவழியில் ஐந்து கேட்டையும் தாண்டி வந்தால், நடுவில் ஒரு கணம் பொய்யான விடை தோன்றி மறையும். எல்லா வழிகளும் அடங்கியபின் 'இப்போது பாருங்கள்' என்று சொல்லும் அடியே கிளாக். அந்த அடி விழும் நேரத்தில் உள்ளீடு அசையாமல் இருக்க வேண்டும்: கிளாக் அடியில் மட்டும் உள்ளீட்டைப் பிடித்துவைக்கும் 74எல்எஸ்74 பிளிப்-பிளாப்புக்கு 20 நானோவினாடி முன்பிருந்தே நிலையாக இருக்க வேண்டும், 5 நானோவினாடி பின்பும் மாறக் கூடாது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் நகரும் நொடியில் படியில் கால் வைப்பவர் ஏறினாரா, நடைமேடையில் நின்றுவிட்டாரா என்று சொல்ல முடியாத அந்த நிலை பிளிப்-பிளாப்புக்கும் வரும். முன்னதாகவே ஏறிவிட வேண்டும்.

செல்போனிலேயே சிமுலேஷன் செய்ய முடிகிறது. ஐசி வாங்கத்தான் வேண்டுமா?

சர்க்கிட்வெர்ஸ் பிரவுசரிலேயே ஓடும், லாஜிசிம் பழைய கணினியிலும் ஓடும், இரண்டும் இலவசம். முதல் மாதம் முழுவதும் அவற்றிலேயே பழகலாம். அதன் பிறகு கட்டாயம் ஐசியைக் கையில் எடுக்க வேண்டும் என்பேன். காரணம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு மாணவி 7490 கவுன்டரையும், எண்ணை ஏழு கோட்டுத் திரையில் காட்ட உதவும் 7447ஐயும் இணைத்து, பொத்தானை அழுத்தினால் எண் ஒன்று கூடும்படி செய்திருந்தார். சிமுலேஷனில் பிழையே இல்லை. பலகையில் அழுத்தியதும் 0 இருந்த இடத்தில் 4 வந்தது, அடுத்த அழுத்தலில் 6, அதற்கடுத்து 9. இரண்டு முறை ஐசியை மாற்றிவிட்டு, முகம் வாடி உட்கார்ந்திருந்தார். பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தகடு ஒரே முறை தொடுவதில்லை. சில மில்லிவினாடிகள் துள்ளித் துள்ளித் தொடுகிறது, கவுன்டர் ஒவ்வொரு துள்ளலையும் எண்ணிவிடுகிறது. இருவழி ஸ்விட்ச் ஒன்றையும் இரண்டு நாண்ட் கேட்டால் ஆன லாட்ச்சையும் முன்னால் வைத்ததும் எண் ஒவ்வொன்றாக ஏறியது. லாட்ச் எதற்கு என்று அவர் அதன்பின் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பொருள்களுக்கு ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். 7400, 7404, 7408, 7432, 7486, 7474 ஆகியவற்றில் இரண்டிரண்டு, ஒரு பிரெட்போர்டு, எல்இடிகள், 330 ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் இருந்தால் ஆறு மாதத்துக்குப் போதும். கடலோரத்தில் வசிப்பவர்கள் இவற்றை மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள்; உப்புக் காற்றில் ஐசியின் கால்கள் கறுத்து, பிரெட்போர்டில் சரியாகப் பிடிக்காமல் போகும்.

வெரிலாக் எப்போது தொடங்கலாம்?

லாட்ச் எப்போது பிறக்கிறது என்பது புரிந்த பிறகு. சுற்றுகளை எழுத்தில் விவரிக்கும் மொழியான வெரிலாக்கைக் கணினி நிரல் போல மேலிருந்து கீழே ஓடுவதாக நினைத்துப் படிப்பவர்கள் வெகு காலம் தடுமாறுகிறார்கள். அது ஒரு சுற்றின் விவரிப்பு, அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். கூட்டுச் சுற்றை (நினைவு இல்லாத, கேட்கள் மட்டுமே கொண்ட சுற்று) விவரிக்கும்போது 'இப்படி இருந்தால் 1' என்று எழுதிவிட்டு 'இல்லாவிட்டால்' என்பதை எழுதாமல் விட்டால், கருவி அந்த வரியை 'முன்பு இருந்தபடியே' என்று எடுத்துக்கொண்டு நீங்கள் கேட்காத லாட்ச் ஒன்றை உள்ளே வைத்துவிடும். தொட்டியின் நடுவரி நினைவிருப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கைச் செய்தியைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிடும். வெரிலாக்கை ஓட்டிப் பார்க்கும் இகாரஸ் வெரிலாக் இலவசமாகக் கிடைக்கிறது. எஃப்பிஜிஏ (நாம் விரும்பும் சுற்றாக மாற்றியமைக்கக்கூடிய சில்லு) பலகை வாங்க அவசரம் வேண்டாம்.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

இதை மட்டும் படித்தால் கிடைக்காது. இது இல்லாமல் சிப் வடிவமைப்பு, அதன் சரிபார்ப்பு, எம்பெடட் (கருவிகளுக்குள் பொதிந்த கணினி) போன்ற வேலைகளின் நேர்முகத் தேர்வைக் கடப்பது மிகக் கடினம். ஐஐடி சென்னையில் உருவான சக்தி புராசஸரும் இந்த கேட்களும் பிளிப்-பிளாப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதான்.

சுற்றை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன், வேலை செய்யவில்லை. எங்கே தேடுவது?

மல்ட்டிமீட்டரின் முனையைப் பிரெட்போர்டின் ஓரக் கம்பியில் வைக்காமல், ஐசியின் காலிலேயே வையுங்கள். 7400க்கு 14ஆவது கால் 5 வோல்ட், 7ஆவது கால் கிரவுண்ட். ஆனால் 7490க்கு 5ஆவதும் 10ஆவதும், 7476க்கு 5ஆவதும் 13ஆவதும். எல்லா ஐசிக்கும் மூலைதான் என்று நினைத்துக் கொடுத்தால் ஐசி சூடாகும்; விரலை வைத்துப் பாருங்கள், சுட்டால் உடனே மின்சாரத்தை எடுத்துவிடுங்கள். அடுத்து 7402ஐப் பயன்படுத்தியிருந்தால் கால்களை மீண்டும் எண்ணுங்கள்: 7400ல் 1, 2 உள்ளீடு, 3 வெளியீடு, 7402லோ 1 வெளியீடு, 2, 3 உள்ளீடு. பிறகு எதனோடும் இணைக்காமல் விட்ட உள்ளீடுகளைத் தேடுங்கள். டிடிஎல் வகையில் அவை பெரும்பாலும் 1 போல நடந்துகொள்ளும். எச்சி வகையில் உங்கள் கை அருகே வந்தாலே மாறும், எல்இடி மினுக்கும். அவற்றை 5 வோல்ட்டுக்கோ கிரவுண்டுக்கோ கட்டிவிடுங்கள். இதற்கும் பிறகு வேலை செய்யாவிட்டால், உண்மை அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக உள்ளீடு கொடுத்து, ஒவ்வொரு கேட்டின் வெளியீட்டையும் அளந்து, பென்சிலால் பக்கத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். எந்த வரியில் எந்த கேட் முதலில் மாறுபடுகிறதோ, அதன் உள்ளீட்டுக் கம்பியைத்தான் முதலில் பிடுங்கிப் பார்க்க வேண்டும்.